காரணம் சொல்லாத மெயிலும் நீங்கள் எழுதிய தீர்ப்பும்

கேள்வி: வணக்கம் மேடம். அருப்புக்கோட்டைப் பக்கம் என் ஊர். அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். மதுரை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருடப் படிப்பை இந்த வருடம் முடித்தேன். குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். சென்னையில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். எழுத்துத் தேர்வும் முதல் சுற்றும் நன்றாகவே போயின. கடைசிச் சுற்றில் பார்ட்னர் ஒருவர், “ஆர்பிட்ரேஷன் அவார்டை (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தரும் தீர்ப்பை) எதிர்த்து மனு போட மூன்று மாதத்தைத் தவறவிட்டால் என்ன செய்வீர்கள், எவ்வளவு நாள் கிடைக்கும்?” என்று கேட்டார். வழக்குகளுக்குக் காலவரம்பு சொல்லும் லிமிட்டேஷன் சட்டம் 5-ம் பிரிவில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடுவேன், காரணம் நியாயமாக இருந்தால் எவ்வளவு நாள் ஆனாலும் கோர்ட் மன்னிக்கும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அப்புறம் எனக்கு இங்கிலீஷ் வரவே இல்லை. பத்து நாள் கழித்து, எடுக்க இயலவில்லை என்று இரண்டு வரி மெயில் வந்தது. அப்பா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அவரிடம் இன்னும் ‘ரிசல்ட் வரலை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி படுத்தால் அந்த அறைதான் கண்ணில் வருகிறது. என்னைப் போன்றவர்கள் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லையோ? பேசாமல் பேங்க் பரீட்சைக்குப் படிக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, நீங்கள் லாயக்கில்லை என்று அந்த மெயிலில் எங்கேயும் இல்லை. கடிதத்தோடு அதன் நகலையும் அனுப்பியிருந்தீர்கள், இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இப்போது எடுக்க இயலவில்லை, வாழ்த்துகள் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஏன் என்பதற்கு ஒரு சொல் கிடையாது.

காரணம் எழுதாத உத்தரவை நம் தொழிலில் எப்படிப் பார்ப்போம் என்று உங்களுக்கே தெரியும். ஓர் அதிகாரி காரணம் சொல்லாமல் மனுவைத் தள்ளுபடி செய்தால், அதை எடுத்துக்கொண்டு ஹைகோர்ட்டுக்குப் போவோம். பல சமயம் அந்த ஒரு குறைக்காகவே உத்தரவு ரத்தாகி, மறுபடி விசாரிக்கச் சொல்லித் திரும்பிப் போகும். தனியார் நிறுவனத்துக்கு அந்தக் கடமை இல்லை, சரி. ஆனால் அவர்கள் எழுதாத காரணங்களை எல்லாம் நீங்கள் ராத்திரியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இங்கிலீஷ், ஊர், கல்லூரி, அப்பாவின் தொழில் என்று பட்டியல் நீள்கிறது. உங்கள் தரப்பைக் கேட்காமலே உங்களுக்கு எதிராக எழுதிய தீர்ப்பு அது. அதற்கு ஒரு சாட்சியும் இல்லை.

நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவரை எடுக்காமல் போவதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கும். இருப்பது ஒரே இடம், ஏற்கெனவே அங்கே இன்டர்ன்ஷிப் செய்த பையன் ஒருவன் இருப்பான், அவன் வேலையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அல்லது ஆள் கேட்ட டீமுக்கே திடீரென்று வேலை குறைந்திருக்கும். பெரிய நிறுவனங்கள் புதியவர்களில் பெரும்பாலோரைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கேம்பஸ் தேர்வில் எடுத்துவிடுகின்றன. தங்களிடம் இன்டர்னாக இருந்தவர்களுக்குப் படிப்பு முடியும் முன்பே வேலையை உறுதி செய்துவிடுவதும் உண்டு. அரசு சட்டக் கல்லூரியிலிருந்து தனியாக விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம் இடங்கள்தான். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். திறமையான பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் அந்த வாசலைத் தாண்டிக் கடைசிச் சுற்று வரை போயிருக்கிறீர்கள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1996-ம் வருட ஆர்பிட்ரேஷன் சட்டம், பிரிவு 34(3). அவார்டு கைக்குக் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு போட வேண்டும். போதிய காரணம் காட்டினால் கோர்ட் இன்னும் முப்பது நாள் கொடுக்கலாம். அதற்கு மேல் கிடையாது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. அதனால் லிமிட்டேஷன் சட்டத்தின் 5-ம் பிரிவுக்கு அங்கே இடமில்லை. சுப்ரீம் கோர்ட் இதை 2001-ல் யூனியன் ஆஃப் இந்தியா எதிர் பாப்புலர் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில் தாமதமாக வந்தது மத்திய அரசு. 5-ம் பிரிவு பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட் வரை போய் வாதாடியவர்களும் அரசின் வழக்கறிஞர்கள்தான். நீங்கள் அந்த அறையில் சொன்ன அதே வாதம்.

ஆக, உங்கள் பதில் தப்பு. ஆனால் வெட்கப்பட வேண்டிய தப்பு இல்லை. பொதுச் சட்டம் தெரிந்த யாரும் முதலில் அந்த வழியில்தான் போவார்கள். சிறப்புச் சட்டம் அந்த வழியை அடைத்து வைத்திருப்பது உங்களுக்கு அன்று தெரியவில்லை. அந்தத் தீர்ப்பு பெரியது ஒன்றுமில்லை. இந்த வாரமே எடுத்துப் படித்துவிடுங்கள். எங்கே சறுக்கியது என்று தெரிந்துவிட்டால் ராத்திரியில் அந்த அறை உங்களை இவ்வளவு படுத்தாது என்று நினைக்கிறேன்.

ஒரு தப்பான பதிலுக்காகவே ஆளை நிராகரித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. பதில் தவறிய பிறகு அந்தப் பிள்ளை எப்படிப் பேசுகிறது என்பதைத்தான் நான் கவனிப்பேன். “அப்புறம் இங்கிலீஷ் வரவே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் சுற்றில் வந்த இங்கிலீஷ் அன்று எங்கே போனது? பயத்தில் தொண்டை அடைத்திருக்கிறது. அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கும் அந்த மெயில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உங்களால் சரிசெய்யக்கூடியது அது ஒன்றுதான்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 348-வது பிரிவுப்படி ஹைகோர்ட்டின் மொழி இங்கிலீஷ். கம்பெனிகளின் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் அதில்தான். எனவே அது நமக்கு வேண்டும். சுப்ரீம் கோர்ட்டின் இ-எஸ்சிஆர் தளத்தில் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன, பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஒரு தீர்ப்பை முதலில் தமிழில் படியுங்கள். பிறகு இங்கிலீஷில் சத்தம் போட்டு வாசியுங்கள். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, வழக்கு என்ன, கேள்வி என்ன, கோர்ட் என்ன சொன்னது என்று ஐந்து நிமிடம் நீங்களாகவே இங்கிலீஷில் பேசுங்கள். தினமும் ஒன்று போதும். தமிழை விட்டுவிடாதீர்கள். கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சியைத் தமிழில் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்து, அதையே நல்ல இங்கிலீஷில் டிராஃப்ட் செய்யவும் தெரிந்த ஜூனியர் கிடைத்தால் எந்த சீனியரும் விடமாட்டார்.

அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நாள் தள்ளத் தள்ள வேலை கிடைக்காத வருத்தத்தோடு மறைத்த பாரமும் சேர்ந்துகொள்கிறது. நீளமாக விளக்க வேண்டாம். “அப்பா, அந்த ஆபீஸ்ல என்னை எடுக்கலை. கஷ்டமாத்தான் இருக்கு. அடுத்து பார் கவுன்சில்ல பதிவு பண்ணப் போறேன்” என்று சொன்னால் போதும். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் அவருக்கும் சொல்ல ஒரு பதில் வேண்டும் இல்லையா? ‘என் பொண்ணு வக்கீலாப் பதிவு பண்றா’ என்பது நல்ல பதில், உண்மையான பதிலும்கூட. பெருமையில் ஊரெல்லாம் சொன்ன மனிதர், நீங்கள் அழுதால் பக்கத்தில் உட்காருவார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த நிறுவனத்துக்கு ஒரு சின்ன மெயில் போடுங்கள். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, எதில் நான் மேம்பட வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் உதவியாக இருக்கும், பின்னால் இடம் வந்தால் மறுபடி விண்ணப்பிக்க விரும்புகிறேன். இவ்வளவு போதும். பதில் வந்தால் நல்லது, வராவிட்டால் திரும்பக் கேட்க வேண்டாம்.

பேங்க் பரீட்சை எழுதுவதில் தப்பே இல்லை. ஆனால் இந்த மெயில் தந்த வலியில் அதை முடிவு செய்யாதீர்கள். அதோடு, பொதுத்துறை வங்கிகளில் சட்ட அதிகாரி வேலைக்கும் பார் கவுன்சில் பதிவு கேட்பார்கள். நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் முதல் படி அதுதான். பதிவுச் செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 125 ரூபாய். பதிவு செய்துவிட்டு வக்கீல்களுக்கான அகில இந்திய பார் தேர்வை எழுதுங்கள். நீதிபதி தேர்வு என்ற எண்ணம் மனதின் மூலையில் இருந்தாலும் பதிவு அவசரம்தான். சுப்ரீம் கோர்ட்டின் 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று வருட பிராக்டிஸ் வேண்டும், அது முதலில் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கில் வரும்.

மதுரையிலோ சென்னையிலோ ஒரு சீனியரிடம் சேரும்போது சம்பளத்தை முதல் நாளே கேளுங்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட் 2024 ஜூனில் உத்தரவிட்டது. பல ஆபீஸ்களில் இன்னும் அது நடைமுறைக்கு வரவில்லை என்பது வேதனை. கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.

தூக்கம் வராதது இன்னும் இரண்டு வாரம் நீடித்தாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம். நேர்காணலுக்காக இவ்வளவு வருத்தமா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக, பதில் தெரியாத கேள்வி எந்த நேர்காணலிலும் ஒன்று வரத்தான் செய்யும். அப்போது சொல்ல ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் இப்போதே பழகி வைத்துக்கொள்ளுங்கள். “இதில் எனக்கு உறுதியில்லை. பொது விதி இது. ஆனால் சிறப்புச் சட்டத்தில் வேறு மாதிரி இருக்கிறதா என்று பேர் ஆக்ட்டை (சட்டத்தின் மூல வாசகத்தை) பார்த்துவிட்டுத்தான் கட்சிக்காரருக்குச் சொல்வேன்.” மேசைக்கு அந்தப் பக்கம் நான் இருந்து, ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால், அந்தக் கேள்விக்கு முழு மார்க் போட்டுவிடுவேன்.