நாட்டின் பொருளாதாரம் விழுந்தால் மக்கள் கடையில் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார்களா?

சாப்பாட்டுக்கடை போடும் யோசனையில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஐந்து மேசை போட்ட கடை எனக்கு இருக்கிறது. நாட்டின் பொருளாதாரம் விழுந்த 2022-ஐ அந்தக் கல்லாவில் நின்றே கடந்தேன். சனம் வருவது நிற்காது. கேட்பதுதான் குறையும்.

சம்பள நாளான 10ஆம் திகதி தவறாமல் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் வரும். அண்ணன், அக்கா, இரண்டு பிள்ளைகள். மூன்று முட்டைக் கொத்து ரொட்டி, பிள்ளைகளுக்கு நெக்டோ சோடா. அந்த மார்ச்சில் அது இரண்டு கொத்தானது. மே மாதம் ஒரே கொத்து, நாலு பீங்கான். ஆகஸ்டில் அண்ணன் மட்டும் வந்து ஒரு பிளேன்டீ கேட்டார். "சீனியைக் கலக்காத தம்பி, கையில குடு" என்றார். மடக்குக்கு ஒரு துளி நாக்கில் வைத்துக் குடித்துவிட்டு, மிச்சச் சீனியைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

2021 மார்ச்சில் 1,000 ரூபாயான நாள் சம்பளம் அப்படியே நின்றது. என் கொத்து 280-இலிருந்து 650-க்குப் போனது. அவர் வேறு என்ன செய்வார்?

"நீதானே விலையை ஏற்றினாய்" என்று சிலர் எழுதுவீர்கள். 2021 ஒக்டோபர் வரை 12.5 கிலோ கேஸ் கொழும்பிலேயே 1,493 ரூபாய். 2022 ஏப்ரலில் 4,860. அந்தக் காசோடு வரிசையில் நின்றும் வெறும் சிலிண்டரோடு திரும்பிய நாட்கள் உண்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லை. பெட்ரோல் இல்லாமல் நுவரெலியா சீசன் வண்டிகளும் குறைந்துபோயின. கவ்வாத்து மலையில் தேயிலைச் செடியிலிருந்து வெட்டிய மிலாறை, அதாவது அந்தக் குச்சிகளை, விலைக்கு வாங்கி அடுப்பெரித்தோம். ஈர மிலாறு புகைந்து சுவரெல்லாம் கரி. ஆனாலும் ரொட்டியை நான் சிறிதாக்கவில்லை. கடன் கொப்பியையும் மூடவில்லை. வேலைக்கு நின்ற தம்பிமார் இருவரில் ஒருவனை மட்டும் அனுப்ப வேண்டி வந்தது. அது இன்னும் மனதில் கிடக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடையை நிமிர்த்த ஒரு வங்கியில் கடன் கேட்டேன். முகவரியில் லயத்து நம்பரையும் (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு) தோட்டத்தின் பெயரையும் பார்த்துவிட்டு, "வீட்டு இலக்கம், வீதிப் பெயர் இல்லையா?" என்று படிவத்தைத் திருப்பித் தந்தார்கள். 2023இல், எங்கள் சனம் இங்கே வந்து இருநூறு வருடம் என்று, மலையகம் 200 என்ற பெயரில் மேடை மேடையாகப் பேசினோம். என் அம்மாவுக்கு வரும் கடிதம் இன்றைக்கும் தோட்டத்து ஆபீஸ் மேசையில்தான் கிடக்கிறது. இருநூறு வருடமாக இருக்கிற சனத்துக்கு ஒரு விலாசம் கொடுக்க முடியாதா?

சரி, கடைக்கு வருவோம். போடுவதென்றால் போடுங்கள். பிளேன்டீயும் ரொட்டியும் எந்தக் காலத்திலும் ஓடும், அவற்றை முதலில் வையுங்கள். இடத்தோடு பழைய விறகடுப்பு இருந்தால் இடித்துவிடாதீர்கள். கேஸ் தாராளமாகக் கிடைக்கிற இப்போதும் என்னுடையதை நான் இடிக்கவில்லை.