அம்மம்மாவின் விளக்கு யாருக்கு?

அன்புள்ள அண்ணாவுக்கு,

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சென்ற மாதம் தரம் 11 மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தையும் தாண்டிப் பெருவெடிப்பைப் பற்றிச் சொன்னேன். பேரண்டம் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிக வெப்பமான, மிகச் செறிவான நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "அப்படியென்றால் எங்கள் அம்மம்மா ஒவ்வொரு நாளும் விளக்கு வைப்பது யாருக்கு, ரீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. 2009 இல் காணாமற்போன மகனுக்காக அந்த அம்மம்மா நேர்ந்து விளக்கு வைக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சைவசமயம் கற்பிக்கும் சக ஆசிரியர், "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்று திருவாசகத்தில் இருக்கிறதே, இதைத்தானே இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள், அப்படியே சொல்லிவிடுங்கள் என்றார். கத்தோலிக்க மாணவர்களுக்கு விவிலியத்தின் "ஒளி உண்டாகுக" என்பதைச் சொன்னால் போதும் என்றும் சொன்னார். எல்லாருக்கும் நிம்மதிதான். எனக்குத்தான் மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வது? நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உலகைப் படைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை என்னைவிட்டுப் போனதற்கும் இயற்பியலுக்கும் தொடர்பில்லை. அது போன இடத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்களுக்கு மனம் வராதது சரியே. அந்த அடி திருவண்டப்பகுதியில் வருகிறது. அண்டங்கள் உருண்டை உருண்டையாக, ஒன்றுக்கொன்று எழிலோடு, நூற்றொரு கோடிக்கும் மேலாகப் பரந்திருக்கின்றன என்கிறார் மாணிக்கவாசகர். "விரிந்தன" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, 1929 இல் வானியலாளர் ஹபிள் கண்டதை அவர் அன்றே கண்டுவிட்டார் என்று மேடைகளில் முழங்குகிறார்கள். ஹபிள் கண்டது வேறு. தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் எம்மைவிட்டு விலகிக்கொண்டிருக்கின்றன, தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது என்பதை அவர் அளந்து காட்டினார். அளந்ததனால், பிழையென்றால் பிழையென்று இன்னொருவர் அளந்து காட்டலாம். திருவாசக அடியில் அந்த அளவு இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை.

அதற்கு அடுத்த அடியை அந்த மேடைகளில் நான் கேட்டதே இல்லை. "இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய." வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் நெருக்கமாக மிதக்கும் தூசைப் போல அத்தனை அண்டங்களும் சிறுத்துப்போகுமாறு இறைவன் பெரியவன் என்று பாட்டுப் போகிறது. கிடுகு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. மத்தியான நேரம் பாயில் படுத்திருந்தால், கிடுகு இற்றுப்போன இடத்தால் வெயில் ஒரு கோடாக இறங்கும். வீடு முழுவதும் தூசுதான் என்றாலும் அந்தக் கோட்டுக்குள் வந்தது மட்டும் மினுங்கும். இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் கிடந்த நாட்களில், ஷெல் துண்டுகள் கிழித்த ஓட்டைகளாலும் அதே கோடுகள் இறங்கின. அப்போதும் தூசு மினுங்கியது. என் மகள் அதைக் கையால் பிடிக்கப் பார்த்தாள்.

ஒரு மனிதர் தன் வீட்டுக்குள் அந்தத் தூசைப் பார்த்து, வெளியே வந்து வானத்தையும் பார்த்து, இரண்டையும் ஒரே அடியில் வைத்திருக்கிறார். அந்த அடியைப் படிக்காமல், அவருக்கு வானியல் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க அலைகிறோம். உங்கள் சக ஆசிரியர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பிள்ளைகளுக்கு அதனால் கவிதையும் போகும், விஞ்ஞானமும் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. சைவசித்தாந்தத்தில் இறைவன் வெறுமையிலிருந்து உலகைப் படைப்பவன் அல்லன். குயவனும் மண்ணும் திகிரியும் போல, இறைவனும் மாயையும் சக்தியும் என்பது அங்கே வழக்கமான உவமை. பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும் அதைக் கட்டும் பாசமும் தொடக்கம் இல்லாதவை. ஆகவே "பேரண்டத்துக்குத் தொடக்கம் இருக்கிறது, அதனால் படைத்தவன் இருக்கிறான்" என்ற வாதத்தை முதலில் மறுக்க வேண்டியவரே சைவசமய ஆசிரியர்தான். படைத்தவன் என்ற ஒரே சொல்லைச் சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் இரண்டு பொருளில் சொல்கிறார்கள். இதை வகுப்பில் எடுத்துப் பேசுங்கள்; அந்த வயதுக்கு விளங்கும்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஜோர்ஜ் லெமேத்ரைப் பற்றிச் சொல்லுங்கள். பெல்ஜிய நாட்டவர். முதலாம் உலகப் போரில் அந்நாட்டுப் படையில் இருந்தார். போர் முடிந்தபின் 1923 இல் குருவானவராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை எடுத்துக்கொண்டு, பேரண்டம் விரிகிறது என்று 1927 இலேயே, ஹபிளுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக எழுதியவர் இவர். விரிவதைப் பின்னோக்கிக் கொண்டுபோனால் எல்லாம் ஓரிடத்தில் செறிந்திருக்க வேண்டுமல்லவா? அதை "முதல் அணு" என்று 1931 இல் முன்வைத்தார். நீங்கள் கரும்பலகையில் வரைந்த பெருவெடிப்பின் விதை ஒரு கத்தோலிக்கக் குருவின் கையால் விழுந்தது.

1951 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், "ஒளி உண்டாகுக" என்ற அந்த ஆதிக் கணத்துக்கு விஞ்ஞானமே சாட்சியாகிவிட்டது என்னும் பொருள்பட உரையாற்றினார். உங்கள் சக ஆசிரியர் சொன்ன அதே யோசனை. லெமேத்ர் மகிழ்ந்திருப்பார் என்றுதானே நினைப்போம்? அவர் கலங்கிப்போனார். பாப்பரசரின் விஞ்ஞான ஆலோசகரோடு பேசினார். அடுத்த ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்களிடையே பாப்பரசர் உரையாற்றியபோது அந்த வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை.

ஏன் கலங்கினார்? அவருடைய கொள்கை அப்போது நிறுவப்பட்டிருக்கவில்லை. பேரண்டத்துக்குத் தொடக்கமே இல்லை என்று வாதிட்ட ஃபிரெட் ஹொய்ல் போன்ற வானியலாளர்கள் எதிரே நின்றார்கள். பெருவெடிப்பு என்ற பெயரே 1949 இல் ஹொய்ல் ஒரு வானொலி உரையில் சொன்னதுதான். ஆண்டவரைக் கொண்டுபோய் ஒரு கொள்கையோடு கட்டிவைத்தால், நாளைக்கு அந்தக் கொள்கை விழும்போது அவரும் சேர்ந்து விழ வேண்டும். மறுபுறம், குருவானவர் சொன்னார் என்பதற்காகவே கொள்கையைச் சந்தேகிக்கிறவர்களும் வருவார்கள். அவரது கொள்கை சமயத்துக்கு வெளியே நிற்பது, நம்புகிறவரும் நம்பாதவரும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது லெமேத்ரின் நிலை. சாகும்வரை அவர் குருவாகவே இருந்தார், திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

கொள்கைக்கு உரிய சான்று 1965 இல் வெளிவந்தது. அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் பெரிய கொம்பு போன்ற அலைவாங்கி ஒன்றில் ஓயாத இரைச்சலைக் கேட்டார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைத் துரத்தி எச்சத்தைக் கழுவியும் பார்த்தார்கள். இரைச்சல் நிற்கவில்லை. வானத்தின் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒரே அளவில் வந்தது. பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளில் புறப்பட்ட பழைய ஒளிதான் அது; குளிர்ந்து குளிர்ந்து இன்று மறை 270 பாகை செல்சியஸ் அளவுக்கு வந்திருக்கிறது. லெமேத்ர் 1966 இல் இறப்பதற்குச் சற்று முன் இந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேர்ந்தது. உங்கள் மாணவர்களின் பெற்றோரிடம் கேட்கச் சொல்லுங்கள்: ஜெனரேற்றர் போட்டு ஊரே கூடிப் படம் பார்த்த காலத்தில், அலைவரிசை இல்லாத இடத்தில் தொலைக்காட்சி புள்ளி புள்ளியாக இரைந்ததே, அந்தப் புள்ளிகளில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு இந்த ஒளிதான். மின்சாரக் கம்பி வராத வன்னியில் இருந்துகொண்டு நாங்கள் அதைப் பார்த்திருக்கிறோம்.

அந்தப் பிள்ளை அடுத்ததாக வற்றாப்பளை அம்மன் கோயிலைப் பற்றிக் கேட்பாள். கடல்நீரில் விளக்கெரிகிறதே என்பாள். வைகாசிப் பொங்கலுக்கு அந்தச் சனத்துக்குள் நானும் நின்றிருக்கிறேன். அம்மன் வாசலில் போய் விளக்கைச் சோதிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வகுப்பில் கேட்டால் கடல்நீர் எரியாது என்று சொல்லத்தான் வேண்டும். நீர் என்பதே ஐதரசன் எரிந்து முடிந்தபின் கிடைப்பது. எரிந்ததை மறுபடி எரிக்க முடியாது. சொல்லிவிட்டு இதையும் சொல்லுங்கள்: அந்த நீரிலுள்ள ஐதரசனின் கருக்கள் பெருவெடிப்பின் முதல் நிமிடங்களுக்குள் உருவானவை. நந்திக்கடலில் ஒரு கை தண்ணீர் அள்ளினால் பேரண்டத்தின் வயதுள்ள பொருள் கையில் இருக்கிறது.

இனி என் கதை. 2009 மாசியில், போரின் இறுதிக் கட்டத்தில், முல்லைத்தீவுக் கரையோரத்து மாத்தளனில் இருந்தோம். எங்கள் பதுங்குகுழிக்குப் பத்தடி தள்ளி இன்னொரு குடும்பத்தின் குழி. காலையில் அவர்களிடம் உப்பு வாங்கியிருந்தோம். மத்தியானம் விழுந்த எறிகணை அந்தக் குழிக்குள் விழுந்தது. அதன் துண்டு ஒன்று இன்றும் என் தொடையில் இருக்கிறது. மண் அடங்கியதும் எங்கள் குழியிலிருந்த பெரியவர் ஒருவர் கைகளை உயர்த்தி, "கடவுள் எங்களைக் காப்பாற்றிவிட்டார்" என்றார். நானும் கைகூப்பினேன். கூப்பிய கையோடு திரும்பிப் பக்கத்துக் குழியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. என் அனுபவத்தை ஒரு வாதமாகவும் யாரிடமும் வைத்ததில்லை. லெமேத்ர் ஒரு போரிலிருந்து வெளியே வந்து குருவானார்; நான் ஒரு போரிலிருந்து வெளியே வந்து கும்பிடுவதை விட்டேன். விஞ்ஞானம் கற்றதனால்தான் விட்டேன் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். என் தொடையிலுள்ள இரும்பும் குருதியிலுள்ள இரும்பும் வெடித்துச் சிதறிய விண்மீன்களில் உண்டானவை என்று விஞ்ஞானம் சொல்லும், அதில் ஐயமே இல்லை. அந்த இரும்பை எறிகணையாக்கி மக்கள் இருந்த இடத்துக்கு யார் அனுப்பினார்கள் என்பதை விண்மீனிடமும் கேட்க முடியாது, ஆண்டவரிடமும் கேட்க முடியாது. மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பிள்ளையின் அம்மம்மாவும் மனிதரிடம்தான் கேட்டுக்கொண்டிருப்பார். 2017 மாசியிலிருந்து கிளிநொச்சியிலும் பிறகு முல்லைத்தீவிலும் காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு தெருவோரத்தில் அமர்ந்த தாய்மாரைப் பாருங்கள். விளக்கு வைத்தோமே, இனி ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று அவர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. எந்தத் திகதி, எந்த இடம், யாரிடம் கையளித்தோம், யார் கண்டது என்று பெயர் பெயராகச் சொல்லிப் பதில் கேட்கிறார்கள். வாய்வார்த்தை போதாது, சான்று காட்டு என்கிறார்கள். பொழுதுபட்டதும் போய் விளக்கு வைக்கிறார்கள். இரண்டையும் ஒரே பெண் செய்கிறார், ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துக் குழப்பிக்கொள்வதில்லை. பேரண்டம் எப்படித் தோன்றியது என்று அந்த விளக்கு எதையும் சொல்லவில்லை. அது மகனுக்கு வைக்கும் விளக்கு. அவள் கேட்டது "யாருக்கு" என்றுதானே, அதையே சொல்லுங்கள். "உன் மாமாவுக்கு." பெருவெடிப்பு அதை அணைக்காது என்பதை அவள் உங்கள் வாயால் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

ஒன்று செய்யலாம். தை மாதம் மழை ஓய்ந்தபின், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் வகுப்பை வெளியே கூட்டிச் செல்லுங்கள். அந்த அம்மம்மாவையும் கேட்டுப் பாருங்கள், வருவார். எட்டு மணிக்கு ஆறாமீன் என்னும் கார்த்திகைக் கூட்டம் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். வயல் காவலுக்குப் போன வீடுகளில் அதைப் பார்த்து நேரம் சொல்லப் பழகியிருப்பார்கள்; அதை அவர் சொல்லிக் கொடுக்கட்டும். அதன் ஒளி எம்மிடம் வர ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகின்றன என்பதை நீங்கள் சொல்லுங்கள். வடமேற்கே, வெறுங்கண்ணுக்கு மங்கல் பஞ்சாக அந்திரொமீடா விண்மீன் மண்டலம் தெரியும். அந்த ஒளி புறப்பட்டு 25 இலட்சம் ஆண்டுகள். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும், அதுவரை டோர்ச்சையும் கைபேசியையும் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். குளக்கட்டு நல்ல இடம். யானை நடமாட்டம் உள்ள பக்கம் என்றால் வேண்டாம், பாடசாலை மைதானமே போதும்.

அன்புடன்,
அண்ணா