வேலைக்குக் கொடுத்த பணமும் கையிலிருக்கும் புரோநோட்டும்

கேள்வி: என் மகனுக்கு அரசுத் துறையில் இளநிலை உதவியாளர் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 2024 பிப்ரவரியில் 5 லட்சம் ரூபாய் கொடுத்தேன். 2 லட்சம் மனைவியின் நகையை வங்கியில் அடகு வைத்தது. 3 லட்சம் என் பெரியப்பா மகனிடம் வாங்கியது. வேலை கிடைக்கவில்லை. நெருக்கிக் கேட்டதும் ஜூன் 10 அன்று, "குடும்பச் செலவுக்காகக் கடனாகப் பெற்றுக்கொண்டேன்" என்று புரோநோட்டு எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்திட்டார். அண்மையில் அவர் கொடுத்த காசோலையும் பணமில்லை என்று திரும்பிவிட்டது. வழக்குப் போட்டுப் பணத்தை வாங்க முடியுமா?

பதில்: ஐயா, உங்கள் கையிலிருக்கும் பத்திரம் பார்வைக்கு வலுவானதுதான். ஆனால் ஒரு பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நீதிமன்றம் நின்றுவிடுவதில்லை. பணம் எதற்காகக் கைமாறியது என்பதையும் பார்க்கும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 23-ஆம் பிரிவு, நோக்கமோ கைம்மாறோ (ஒருவர் செய்வதற்கு ஈடாக மற்றவர் தருவது) சட்டவிரோதமாக இருக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அந்தப் பிரிவின் கீழ் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்றைப் படித்தால் உங்கள் கதையையே படிப்பதுபோல் இருக்கும்: ஒருவர் இன்னொருவருக்கு அரசுப் பணி வாங்கித் தருவதாகவும், அதற்கு அவர் 1,000 ரூபாய் தருவதாகவும் ஒப்புக்கொள்கிறார்கள், அந்த ஒப்பந்தம் செல்லாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வியாபாரம் நடந்திருக்கிறது என்பது தெரிகிறது, தொகைதான் ஏறியிருக்கிறது.

"கடன் என்றுதானே எழுதியிருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். எழுத்தில் உள்ளதற்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் சொல்லக் கூடாது என்ற பொதுவிதிக்குச் சாட்சியச் சட்டமே விலக்கு வைத்திருக்கிறது. ஆவணத்தின் பின்னணி சட்டவிரோதம் என்று காட்ட யாரும் சாட்சியம் அளிக்கலாம். எதிராளி அதைச் சொல்லத் தவறினாலும், சாட்சியத்தில் வெளிப்பட்டுவிட்டால் நீதிமன்றமே கவனத்தில் எடுத்துக்கொள்ளும். உங்கள் மகனின் சான்றிதழ் நகல்களை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்களானால், அந்த ஒரு உரையாடலே புரோநோட்டின் வாசகத்தைப் பொய்யாக்கப் போதுமானது.

காசோலைக்கும் இதுவே நிலை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்காகக் கொடுத்த காசோலையையே பாதுகாக்கிறது. அத்தகைய கடன் இருந்தது என்ற அனுமானம் 139-ஆம் பிரிவின்படி முதலில் உங்கள் பக்கம் இருக்கும். ஆனால் எதிராளி அதை ஐயத்துக்கு இடமின்றி உடைக்க வேண்டியதில்லை. தம் தரப்புக்கே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். காசோலை திரும்பியதாக வங்கி தரும் மெமோ கிடைத்த 30 நாட்களுக்குள் எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதால் நீங்கள் அவசரப்படுவது புரிகிறது. அந்த நோட்டீஸில் வேலைக்காகக் கொடுத்த பணம் என்று எழுதினால் உங்கள் வழக்கை நீங்களே முறித்துக்கொள்கிறீர்கள். கைமாற்றுக் கடன் என்று எழுதினால், நாளை கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து அதையே சொல்ல வேண்டியிருக்கும். அது பொய்ச் சாட்சியம். "கைமாற்று என்றே போட்டுவிடுங்கள் சார்" என்று கேட்டு வருபவர்களுக்கு நான் வழக்கு எழுதுவதில்லை.

ஒப்பந்தம் செல்லாது என்று தெரியவந்தால் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு. அது பின்னர் தெரியவந்தவர்களுக்கு. தொடக்கத்திலேயே சட்டவிரோதம் என்று அறிந்து இறங்கியவர்களுக்கு அது உதவாது என்று குஜு கோலியரீஸ் வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் கதவு முழுவதும் மூடப்படவில்லை. சீதாராம் எதிர் ராதாபாய் வழக்கில் (1968) அதே நீதிமன்றம் சில விலக்குகளை ஏற்றது: சட்டவிரோத நோக்கம் இன்னும் கணிசமாக நிறைவேறாத நிலை, பணம் கேட்பவர் மற்றவருக்குச் சமமான குற்றவாளி அல்லாத நிலை, தம் உரிமையை நிறுவச் சட்டவிரோதத்தைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாத நிலை. வேலை கிடைக்கவில்லை என்பதால் முதல் விலக்கையும், ஏமாற்றப்பட்டவர் என்பதால் இரண்டாவதையும் உங்களுக்காக வாதிடலாம். வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன். புரோநோட்டின் மீது வழக்குத் தொடரும் காலவரம்பு 3 ஆண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

என் கருத்தில் உங்கள் வலுவான நிலை ஒப்பந்தத்தில் இல்லை, மோசடியில்தான் இருக்கிறது. வேலை வாங்கித் தரும் எண்ணமோ வழியோ தொடக்கத்திலிருந்தே அவருக்கு இல்லை என்றால் அது ஏமாற்றுக் குற்றம். பணம் 2024 ஜூலை 1-க்கு முன்பே கைமாறியதால், பாரதிய நியாய சன்ஹிதா அல்லாமல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவே பொருந்தும். மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் அளிக்கலாம்.

அங்கேயும் ஒரு கத்தி தொங்குகிறது. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, அரசு ஊழியரை வளைக்கும் எண்ணத்தோடு பணம் கொடுப்பதும் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் அளித்தால் விலக்கு உண்டு. அந்தக் கெடு உங்களுக்கு எப்போதோ கடந்துவிட்டது. சமரசம் செய்து வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் பெற்றதாகத் தொடரப்பட்ட வழக்கைச் சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2022-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே புகாரை நீங்களே எழுதிக் கொடுக்காமல், பணம் கொடுத்த நாளில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் வரைந்து தருவதையே கொடுங்கள்.

வங்கி நகைக்கடன் இதிலிருந்து தனியானது. அதைக் கட்டித்தான் மீட்க வேண்டும். பெரியப்பா மகன் எதற்கென்று அறியாமல் கொடுத்திருந்தால் அவருடைய 3 லட்சத்தையும் நீங்கள் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். அவரும் தரகர் வீட்டுக்கு உடன் வந்து உட்கார்ந்து பேசியவராக இருந்தால், அதை எனக்குத் தனியாக எழுதுங்கள். அப்போது அவருடைய கடனுக்கும் இதே சிக்கல் வரும்.