கையெழுத்தும் சாப்பாடும்

அண்ணனுக்கு,

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். 2004ல் டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) முடித்தவன். பார்மசிஸ்ட் பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்துக்குள் இரண்டு ஒருநாள் புத்தாக்கப் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். போன தடவை கடையைப் பூட்டிவிட்டு மதுரைக்குப் போனேன். காலையில் கையெழுத்து, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் சர்டிபிகேட். நடுவில் ஒருவர் ஸ்லைடைப் பார்த்து இங்கிலீஷில் வாசித்தார். இருபது வருடமாகக் கவுண்டரில் நிற்கிறவனுக்கு இது எதற்கு?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

தம்பி,

சாப்பாடாவது நன்றாக இருந்ததா? ஸ்லைடு வாசித்தவர் மேல் வருகிற கோபம் நியாயம்தான், ஆனால் அதைப் படிப்பு மேலேயே காட்டுகிறீர்களே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

நீங்கள் படித்து முடித்த சமயத்தில் நிமெசுலைடு சிரப்பைக் குழந்தைக் காய்ச்சலுக்குச் சாதாரணமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2011ல் 12 வயதுக்குக் கீழே கூடாது என்று தடை வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று தனியாகக் கண்காணிக்கிற மருந்துகளின் எச்1 பட்டியல் என்ற ஒன்றே அப்போது கிடையாது. 2014 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது, அந்த மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது? மருந்துக் கம்பெனி ரெப் சொல்லியிருப்பார், இல்லையென்றால் மருந்து இன்ஸ்பெக்டர் வந்து பதிவேடு எங்கே என்று கேட்ட அன்றைக்குத் தெரிந்திருக்கும். ரெப் தன் சரக்கு என்ன செய்யும் என்று சொல்வார், என்ன கெடுக்கும் என்று எதற்குச் சொல்லப்போகிறார்?

என் சித்தி கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கி மூழ்கி எடுத்துவிட்டுக் கரையேறினால் இடுப்பு விட்டுப்போகும். நேரே ஒரு கடையில் போய் 'செட்' கேட்பார். மடித்த காகிதத்தில் நாலு மாத்திரை, பெயர் கிடையாது. அதில் ஒன்று டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. பிரஷருக்கு எனலாப்ரிலும், சிறுநீரை அதிகம் போகவைக்கிற நீர் மாத்திரையும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, வெயிலில் தண்ணீரும் குடிப்பதில்லை. இந்த மூன்று மருந்தும் அப்படிப்பட்ட உடம்பில் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். கால் வீங்கி, ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. கொடுத்தவர் நல்ல மனிதர், உங்களைவிட அனுபவம் அதிகம். "பிரஷருக்கு என்ன சாப்பிடுறீக?" என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, கேட்கச் சொல்லி யாரும் பழக்கவுமில்லை.

(பார்மசிஸ்ட் சர்டிபிகேட்டை வேறொருவர் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களுக்குக் கையெழுத்தே போதும்.)

எனக்கு வேண்டியது சித்தி கதை மாதிரிப் பாடம். தமிழில், நம் கடைக்கு வருகிற பாசிக்கார அக்காக்களையும் போட்டுக்காரர்களையும் வைத்து. மதுரைக்கு ஏன் போக வேண்டும்? ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், உங்களுக்கும் அப்போது வியாபாரம் மந்தம்தான். அந்த நாட்களில் ராமநாதபுரத்திலேயே வையுங்கள் என்று பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து பார்மசி கவுன்சிலுக்கு எழுதுங்களேன். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போடத்தான் உங்களுக்குப் பழக்கம் இருக்கிறதே.