ரியோஹா சிவப்பு வைன்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, ரியோஹா என்பது திராட்சையின் பெயரா, கம்பெனியின் பெயரா?

இரண்டும் இல்லை, வட்டாரத்தின் பெயர். வடக்கு ஸ்பெயினில் எப்ரோ ஆற்றை ஒட்டிக் கிடக்கும் பகுதி. பெரும்பகுதி லா ரியோஹா மாநிலத்தில் இருக்கிறது. பாஸ்க் பக்கம் ஆலவாவிலும், நவார்ராவிலும் கொஞ்சம். வடக்கே நிற்கும் கான்டாப்ரியா மலைத்தொடர் அட்லாண்டிக்கின் ஈரக் குளிர்காற்றை முக்கால்வாசி தடுத்துவிடுகிறது. மேற்கில் ரியோஹா ஆல்டாவும் ரியோஹா ஆலவேசாவும் குளிர்ச்சியான மேட்டு நிலம். கிழக்கே ரியோஹா ஓரியென்டால், வெயிலும் வறட்சியும் கூடிய இடம்.

முக்கியத் திராட்சை டெம்ப்ரானியோ. கூடவே கார்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ என்று சேர்ப்பார்கள். தரக்கட்டுப்பாட்டில் ஸ்பெயினின் மிக உயர்ந்த தகுதி 1991இல் முதன்முதலாக இந்த வட்டாரத்துக்குத்தான் கிடைத்தது.

கேள்வி: லேபிளில் கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா என்று போட்டிருக்கிறார்களே, அது வெறும் விளம்பரமா?

இல்லை, சட்டம். சிவப்பு வைனுக்குக் கணக்கு இதுதான். கிரியான்சா என்றால் மொத்தம் 2 வருடம், அதில் குறைந்தது 1 வருடம் ஓக் மரப் பீப்பாயில். ரெசெர்வா 3 வருடம். அதிலும் குறைந்தது 1 வருடம் பீப்பாய், அப்புறம் குறைந்தது 6 மாதம் பாட்டில். கிரான் ரெசெர்வா 5 வருடம். குறைந்தது 2 வருடம் பீப்பாயிலும் 2 வருடம் பாட்டிலிலும் இருந்தாக வேண்டும். பின் லேபிளில் ஒட்டும் முத்திரையின் நிறமும் மாறும்: கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்குக் கருஞ்சிவப்பு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம். எந்த முத்திரைச் சொல்லும் இல்லாத இளம் வைனுக்குப் பச்சை.

ரியோஹாவில் எனக்குப் பிடித்ததே இந்த ஏற்பாடுதான். மற்ற பல ஊர்களில் வைனை விற்றுவிட்டு, நீங்களே பத்து வருடம் வைத்திருந்து குடியுங்கள் என்பார்கள். இங்கே அந்தக் காத்திருப்பைத் தயாரிப்பாளரே தன் நிலவறையில் முடித்துவிட்டுத்தான் கடைக்கு அனுப்புகிறார்.

கேள்வி: அப்படியானால் கிரான் ரெசெர்வாதான் உசத்தி, இல்லையா சார்?

அவசரப்படாதீர்கள். அந்தச் சொல் வயதைச் சொல்கிறது, ருசிக்கு அது உத்தரவாதம் இல்லை. பொதுவாக நல்ல விளைச்சல் வந்த வருடத்தின் வைனைத்தான் அதற்கு ஒதுக்குவார்கள் என்பது உண்மை. ஆனால் அதில் பழச்சுவை அடங்கிப்போய், பதனிட்ட தோல், புகையிலை, உலர்ந்த அத்தி என்று வேறொரு வாசனைக் கூட்டம் வரும். புதிதாகக் குடிப்பவருக்கு ‘இதற்கா இத்தனை காசு?’ என்று தோன்றலாம். கொடுக்கும் பணத்துக்கு ரெசெர்வாதான் நியாயம் என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

கேள்வி: பீப்பாய்க்குள் அப்படி என்னதான் நடக்கிறது? மரவாசனை ஏறுவது மட்டும்தானா?

வாசனை பாதிக் கதைதான். மரம் மூச்சு விடும். அதன் வழியே மிகக் கொஞ்சமாகக் காற்று வைனுக்குள் போகிறது. அந்த ஆக்சிஜனால் வாயைக் கவ்வும் டானின்கள் ஒன்றோடொன்று இணைந்து துவர்ப்பு மென்மையாகிறது, நிறமும் நிலைக்கிறது. கூடவே வைனும் சிறிது ஆவியாகும், அதை அவ்வப்போது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமான பீப்பாய் 225 லிட்டர். பெரிய பீப்பாய் என்றால் வைனின் அளவுக்கு மரத்தின் பரப்பு குறைவு, மாற்றமும் மெதுவாக நடக்கும்.

வாசனைக்கு வருவோம். ரியோஹா நெடுங்காலம் அமெரிக்க ஓக்கை நம்பிய ஊர். அதில் லாக்டோன் என்ற வாசனைப் பொருள் அதிகம். வெனிலாவும் தேங்காயும் கலந்த மணம் அதனால்தான். பிரெஞ்சு ஓக் அடக்கமானது, மசாலா வாசனை தரும். விலையும் கூடுதல்: அமெரிக்க மரத்தை ரம்பத்தால் அறுக்கலாம், பிரெஞ்சு மரத்தை நார்ப்போக்கிலேயே பிளந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பீப்பாய் ஒழுகும். பிளக்கும்போது சேதாரம் அதிகம். இப்போது பலர் இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறார்கள். பீப்பாய் பழசாகப் பழசாக வாசனை குறையும், மூச்சு மட்டும் தொடரும். புது மர வாசனை பழத்தை அமுக்கிவிடக் கூடாது என்றே பழைய பீப்பாய்களைக் கட்டிக்காக்கும் வைன் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. ரியோஹாவின் ஆரோ ஊரில் உள்ள லோபெஸ் டி எரேதியா என்ற நிறுவனம் தன் பீப்பாய்களைச் சொந்தப் பட்டறையிலேயே செய்துகொள்கிறது.

கேள்வி: பிரெஞ்சுக்காரர்கள்தான் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறார்களே?

பெரிய பங்கு அவர்களுடையது. 1850, 60களிலேயே முர்ரியெத்தா, ரிஸ்கால் ஆகிய இரண்டு மார்க்கேஸ்கள் (ஸ்பெயின் பிரபுக்கள்) பிரான்ஸின் வைன் வட்டாரமான போர்தோவின் முறையில் பீப்பாயில் முதிரவைக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. சரக்கில்லாத போர்தோ வியாபாரிகள் எல்லை தாண்டி வந்தார்கள். ஆரோவுக்கு அதற்குள் ரயில் வந்திருந்தது. லோபெஸ் டி எரேதியா (1877), குனே (1879), லா ரியோஹா ஆல்டா (1890) எல்லாம் ஸ்டேஷனைச் சுற்றியே எழுந்ததற்கு அதுதான் காரணம். பீப்பாயை உருட்டினால் நேரே ரயிலுக்கு! அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் அதே பூச்சி ரியோஹாவுக்கும் வந்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள்.

கேள்வி: சில பாட்டில்களுக்குக் கம்பிவலை போட்டிருக்கிறதே?

இப்போது அலங்காரம். அந்தக் காலத்தில் காலி பாட்டிலில் மட்டமான சரக்கை ஊற்றி விற்கும் போலிகளைத் தடுக்க.

கேள்வி: நான் சைவம். குடிக்கலாமா?

கேட்டது நல்லது. வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது அங்கே பழைய வழக்கம். பிறகு வடித்துவிடுவார்கள் என்றாலும், உங்களுக்கு அது ஆகாது என்றால் லேபிளில் ‘வீகன்’ என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: தினமும் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லது என்பது?

அதை நம்பி ஆரம்பிக்காதீர்கள். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

கேள்வி: அறை வெப்பநிலையில் பரிமாறச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அறையே 32 டிகிரி, அக்கா கொடுத்த ரெசெர்வா ஒன்று இருக்கிறது.

அந்த விதி ஐரோப்பாவின் பழைய கல்வீடுகளுக்குச் சொன்னது. ரெசெர்வாவுக்கு 16 முதல் 18 டிகிரி போதும். 32 டிகிரியில் சாராய நெடிதான் முந்திக்கொண்டு வரும். ஃபிரிட்ஜில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வைத்து எடுங்கள். அடியில் கசடு இருந்தால் பயப்படாமல் மெதுவாகச் சரித்து ஊற்றுங்கள், கசடு பாட்டிலிலேயே நிற்கட்டும். சாப்பாட்டுக்கு ரியோஹாக்காரர்கள் திராட்சைக் கொடிக் குச்சித் தீயில் சுட்ட ஆட்டுக்குட்டி விலா வைப்பார்கள். நம் வீட்டில் என்றால் காரம் குறைத்த மட்டன் வறுவல். மிளகாய் தூக்கலாக இருந்தால் துவர்ப்பும் சாராயமும் நாக்கில் எரியும். மீதியைக் கார்க்கால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.