சம்பளமும் எண்ணெய், சேமிப்பும் எண்ணெயா?

கேள்வி: நோர்வேயின் ஸ்தவாங்கரில் இருக்கிறேன். எண்ணெய் வயல்களுக்கான கருவிகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை. வீட்டுக்கடன் பாதி பாக்கி. கையில் 4 லட்சம் குரோணர் சேர்ந்திருக்கிறது. ஈக்வினோர், ஆக்கர் பிபி என்ற எண்ணெய் நிறுவனங்களின் பங்குகள், கொஞ்சம் சாமன் மீன் நிறுவனப் பங்குகள் என்று முழுவதையும் ஒஸ்லோ பங்குச் சந்தையில் போடலாமா?

பதில்: வேண்டாம். அவை மோசமான நிறுவனங்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் சம்பளம் எண்ணெயிலிருந்து வருகிறது. உங்கள் வீட்டின் விலையும் அதை நம்பித்தான் நிற்கிறது, ஏனென்றால் உங்கள் ஊரே எண்ணெய் ஊர். இப்போது சேமிப்பையும் அதிலேயே போட்டால், மூன்று வயலுக்கும் ஒரே கிணறு.

2014இல் அந்தக் கிணறு வற்றியதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஜூனில் 110 டாலருக்கு மேல் விற்ற ஒரு பீப்பாய் எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. ஸ்தவாங்கரில் ஆட்குறைப்பு, வீட்டு விலைச் சரிவு. குரோணரும் சேர்ந்து விழுந்தது: டாலருக்கு 6 என்று இருந்தது ஏறக்குறைய 9 ஆனது.

நோர்வே அரசே இந்தத் தவறைச் செய்வதில்லை. 1969இல் எக்கோபிஸ்க் எண்ணெய் வயல் கிடைத்தது. 1996 முதல் எண்ணெய்ப் பணம் தனி நிதியத்தில் சேர்கிறது. அந்த நிதியம் நோர்வேக்குள் ஒரு பங்குகூட வாங்குவதில்லை, எல்லாம் வெளிநாட்டில்தான்.

சாமன் யோசனை முழுத் தவறல்ல. நம்மவர் பலர் முதலில் வேலைக்குப் போனதே வட நோர்வேயின் பின்மார்க் மீன் ஆலைகளுக்குத்தானே! எண்ணெய் விலையோடு மீன் விலை ஆடுவதில்லை. குரோணர் மெலிந்தால் ஏற்றுமதிக்கு லாபம்கூட. ஆனால் 2022 செப்டம்பரில் மீன் வளர்ப்புக்கு 40 சதவீதக் கூடுதல் வரி என்று அரசு அறிவித்த அன்று, ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் விழுந்த பங்குகள் உண்டு. பிறகு அதை 25 சதவீதமாகக் குறைத்தார்கள். ஒஸ்லோ சந்தையில் இருக்கும் அலுமினியம், கப்பல் துறைகளும் உலகச் சந்தை போகிற போக்கில் போகிறவைதான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியிலேயே வையுங்கள். வேலை போனாலும் கடன் தவணை நிற்காது. மீதிக்கு அக்ஷேஸ்பாரேகொன்டோ (பங்குச் சேமிப்புக் கணக்கு) திறந்து, செலவு குறைந்த உலகளாவிய இண்டெக்ஸ் பண்டில் (பல நாட்டு நிறுவனங்களின் பங்குகளைச் சந்தைக் குறியீட்டின்படி மொத்தமாக வாங்கும் நிதி) மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். அந்தக் கணக்குக்குள் விற்று வாங்கினால் உடனே வரி இல்லை. போட்டதற்கு மேல் வெளியே எடுக்கும்போதுதான் வரி. ஈக்வினோர் ஆசை விடவே மாட்டேன் என்கிறதா? 40,000 குரோணரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.