ஹோமில் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா?

மூளை முடக்குவாதமும் வலிப்பும் உள்ள ஒன்பது வயது மகளை ஹோமில் சேர்க்கலாமா, சேர்த்தால் பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாவ புண்ணியத்தைச் சொந்தக்காரர்கள் பேசட்டும். அவர்கள் யாரும் ராத்திரி இரண்டு மணிக்குச் சளி எடுக்க எழுந்து வரப்போவதில்லை.

என் மகனுக்கு இப்போது பன்னிரண்டு. அதே பிரச்சினைதான். மூன்று வருஷம் முன்பு எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஆறு வாரம் வெயிட் தூக்கக் கூடாது என்றுவிட்டார்கள். அவனோ இருபது கிலோ. வேறு வழியில்லாமல் ஒரு ஹோமில் விட்டோம். சேர்க்கும் முன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தேன். தரை பளபளவென்று இருந்தது, சுவரெல்லாம் கார்ட்டூன். திருப்தியாக வந்தேன்.

பத்தாம் நாள் என் தம்பி அந்தப் பக்கம் போனவன், மத்தியானம் சொல்லாமல் உள்ளே போயிருக்கிறான். எட்டுப் பிள்ளைகள், ஒரே ஒரு ஆயா. பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கவைத்தபடியே கரைத்த சாதத்தை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாராம். "அக்கா, இவனக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று அங்கிருந்தே போன் செய்தான்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பிள்ளைக்கு ஒரு வேளை ஊட்டவே நாற்பது நிமிஷம் ஆகும். முதுகுக்கு முட்டுக் கொடுத்து, தாடையைப் பிடித்து, ஒரு ஸ்பூன் இறங்கிய பிறகுதான் அடுத்தது. அப்படி எட்டுப் பேருக்கு ஊட்டினால் கடைசிப் பிள்ளைக்குச் சாயங்காலம் ஆகிவிடும். ஆனால் படுத்தபடி ஊட்டினால் புரை ஏறும். இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் புரை ஏறினால் இருமல்கூட வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் நிற்கும்.

அதனால் நீங்கள் பார்க்கப் போனால் சாப்பாட்டு வேளையில் போங்கள். ஒரு ஆள் எத்தனை பிள்ளைக்கு ஊட்டுகிறார் என்று எண்ணுங்கள். ராத்திரி யார் இருப்பார்கள், ஐந்து நிமிஷம் தாண்டியும் ஃபிட்ஸ் நிற்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று ஆபீஸில் கேட்காமல் ஆயாவிடமே கேளுங்கள். கரண்ட் போனால் சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷினுக்கு பேட்டரி உண்டா என்றும் பாருங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நாங்கள் கடைசியில் போய் நின்றது பகல்நேர மையத்தில். காலை ஒன்பதரைக்கு விட்டால் ஒரு மணிக்குக் கூட்டி வருவோம். பிசியோ அங்கேயே. அந்த மூன்றரை மணி நேரத்தில் முதல் ஒரு மாசம் நான் தூங்கினேன், வேறொன்றும் செய்யவில்லை.

பணத்துக்கு: யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) எடுத்துவிட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிக் கொடுங்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் வரை. தெரபி செலவும் அதில் வரும், சேர மெடிக்கல் டெஸ்ட் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். நான் ஒரு தடவை மறந்து, அந்த வருஷம் பார்த்து மகன் ஆஸ்பத்திரியில் படுத்தான்.

உங்களுக்கு ஆபரேஷன் மாதிரி அவசரம் எதுவும் இல்லையென்றால், முதலில் அரை நாள் மையம் ஒன்றைத் தேடுங்கள். எந்த ஊர் என்று கமெண்டில் சொன்னால் தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன்.